9-ஆம் வகுப்போடு நின்றவர் 38 வயதில் பத்தாவது முடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவது. ஐந்து பாடங்கள், தேர்ச்சிக்கு 35. முதல்முறை எழுதுபவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேலைக்குப் போகிறவர் என்றால் என் ஓட்டு என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளிக்குத்தான். வயது உச்சவரம்பு கிடையாது. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. கணக்கும் கட்டாயமில்லை! எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, கணக்குக்குப் பதில் மனையியல் எடுத்தார். மிஷின் பலகையில் புத்தகத்தை விரித்து வைத்து, பட்டன் தைத்துக்கொண்டே படிப்பார். ஒரு தடவைக்கு இரண்டு பாடம்தான். அப்புறம் பாலிடெக்னிக் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

பத்தாவதே இல்லாமல் நேரடியாகத் தொலைதூரப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படிக்காத பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை.