தெருநாயைக் கண்டால் பாயும் நாயை எங்கே நடத்திச் செல்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் கோம்பை இனக் கலப்பு நாய், தெருநாயைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது. கூட்டமில்லை என்று ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன். அங்கும் அதே கதைதான். (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: ஏரிக்கரை நமக்குத்தான் அமைதி. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் சரிவு. எதிரே ஒரு நாய் வந்துவிட்டால் விலகிப் போக வழியில்லை. இந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் வீரத்தால் அன்று, 'கிட்டே வராதே' என்னும் அச்சத்தால் வருவது என்பதால், ஆளில்லாத இடத்தைக் காட்டிலும் ஒதுங்க இடமுள்ள இடமே அதற்குத் தேவை. அறுவடை முடிந்த மாந்தோப்பு, உரிமையாளர் அனுமதித்தால், மிக நல்லது: மரங்களுக்கிடையே தூரமும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும். பூப்பிடிக்கும் தை, மாசியில் மருந்து தெளிப்பார்கள். அப்போது அந்தப் பக்கமே வேண்டாம். காவல் நாயைக் கட்டியிருக்கிறார்களா என்றும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இடமானாலும், போகவிருக்கும் அதே நேரத்தில் முதல் இரண்டு நாள் நாயில்லாமல் நீங்கள் மட்டும் நடந்து பாருங்கள்.

இன்னொன்று: மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென மூடி, காது முன்னோக்கி விறைத்து, பார்வை ஓரிடத்தில் நிலைக்கும் நொடியிலேயே திரும்பி நடந்துவிடுங்கள். குரைக்கத் தொடங்கிய பிறகு அதன் காதில் எதுவும் ஏறாது.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் நடத்தினால் அடங்கிவிடும் என்கிறார்களே? (வாசகி, தருமபுரி)

பதில்: நான் ஒப்பமாட்டேன். வழியில் நான்கு முறை பதறிய நாய் களைத்துத் திரும்புமே தவிர, அமைதியடைந்து திரும்பாது. அந்தப் பதற்றம் முழுதும் தணியுமுன் மீண்டும் பதறினால், சிறு ஓசைக்கும் பாயும். நீண்ட கயிற்றில், அது விரும்பும் புதரையெல்லாம் மோப்பம் பிடிக்கவிட்டு, 20 நிமிடம் நடந்தால் போதும். மோசமான நாளுக்கு மறுநாள் நடையே வேண்டாம், வீட்டிலேயே விளையாடுங்கள்.

கேள்வி: வாய்க்கூடு போடுவது கொடுமையாகாதா?

பதில்: ஆகாது. ஆனால் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வடிவக் கூடாக இருக்கவேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் ஊர் வெயிலில் ஆபத்தானது.

கேள்வி: எருது விடும் விழா நெருங்குகிறது. வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயை என்ன செய்வது?

பதில்: விழாவன்று விடியுமுன் வெளியே விட்டு அழைத்து வந்து, தெருவை ஒட்டாத அறையில் வைத்திருங்கள். மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரை இரண்டு வாரம் முன்பே பாருங்கள். எந்த அளவு மருந்து ஒத்துக்கொள்கிறது என்று முன்கூட்டியே கொடுத்துப் பார்க்க நாள் வேண்டும்.