விடையை மறைத்து வையுங்கள்

ஐயா, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு வேலூர் வந்திருந்தீர்கள். அன்றைய கூட்டத்தில் நிதானமாகப் பேச முடியவில்லை. "மூணு கைடு முடிச்சிட்டா சார், இங்கிலீஷ்ல மட்டும் மார்க் ஏறல" என்றீர்கள். அந்த வங்கித் தேர்வு கைடுகளைப் புரட்டினேன். ஒரு கோடிட்ட இடம்கூடக் காலியாக இல்லை. உழைப்பில் குறை சொல்ல முடியாது.

நீங்கள் டீ குடிக்கப் போனபோது ஒன்று செய்து பார்த்தேன். அவள் ஏற்கெனவே சரியாகப் போட்டிருந்த பத்துக் கேள்விகளை எடுத்து, தேர்ந்தெடுக்கக் கீழே கொடுத்திருந்த விடைகளை ஸ்கேலால் மறைத்து, "இப்போ சொல்லும்மா" என்றேன். நான்குதான் வந்தது. இத்தனை கேள்வி போட்டு அவள் பழகியிருப்பது, பொருந்தாததைக் கழித்துக்கட்டும் வித்தை. அவள் எழுதப்போகும், ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு தவறுக்குக் கால் மார்க் போகும். ஐந்து விடைகளில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்துக்கொண்டே போனால், சராசரியாக வருவதும் போவதும் சரிக்குச் சரி, மிச்சம் பூஜ்யம்.

அவள் தடுமாறிய இடங்கள் எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்தான். சின்ஸ், ஃபார் இரண்டிலும் குழப்பம். இதற்குத் தமிழே வழி காட்டும். 'காலையிலிருந்து காத்திருக்கிறேன்' என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ். 'இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்' என்று நீளத்தைச் சொன்னால் ஃபார். அதைச் சொன்னதும் பாப்பா சிரித்துவிட்டாள். ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. வேலூரில், ஆற்காடு ரோட்டில், பஸ் ஸ்டாப்பில்: நமக்கு மூன்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் ஊருக்கு இன், ரோட்டுக்கு ஆன், பஸ் ஸ்டாப்புக்கு அட். 'தி' எங்கே வரும் என்பது இன்னும் பெரிய தலைவலி. தமிழில் அதற்கு நேரான சொல்லே இல்லை. விதியை மனப்பாடம் செய்து இது வராது, வாக்கியங்களோடு பழகித்தான் வரும்.

சரி, என்ன செய்வது? "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, எப்படி உதவுவது" என்று கேட்டீர்கள். உங்களுக்கு எண்ணத் தெரிந்தால் போதும். ஆங்கிலப் பேப்பரில் அவளுக்குப் பிடித்த செய்தியிலிருந்து ஒரு பத்தியை நோட்டில் எழுதி வைக்கட்டும். மறுநாள் நீங்கள் முதல் வாக்கியத்தைத் தொடாமல் விட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு ஏழாவது வார்த்தையாக ஒயிட்னர் போட்டு அழியுங்கள். பேர், நம்பர் வந்தால் தாண்டிவிடுங்கள். பேப்பரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் நிரப்பியதும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மாறியதை வட்டமிடுங்கள். வட்டம் எல்லாம் தவறு என்று அர்த்தமில்லை. வேறு வார்த்தையும் பொருந்தலாம். அது ஏன் பொருந்தும், ஏன் பொருந்தாது என்று பக்கத்தில் ஒரு வரி அவள் எழுத வேண்டும், தமிழிலேயே எழுதட்டும். தறியில் இழை அறுந்தால் பக்கத்து இழையைப் பார்த்துத்தானே முடிச்சுப் போடுகிறீர்கள்? அந்தப் பார்வைதான் இங்கேயும் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், ஒரு கட்டுரை படிக்க எவ்வளவு கடினம் என்று அளக்க இந்த மாதிரி வார்த்தைகளை அழித்துப் பார்த்தார். நீங்களும் அப்படி அளக்கலாம். பாதிக்குப் பாதி தெரியவில்லை என்றால் அவளைத் திட்டாதீர்கள், பத்தியை மாற்றுங்கள். பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகத்துக்கே திரும்பிப் போனாலும் வெட்கமில்லை.

நான்காவது கைடு இப்போது வேண்டாம். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். வட்டங்களைப் பார்த்துவிட்டு, கோச்சிங் பணம் கட்டலாமா என்று பேசுவோம்.