கேமரா கேள்வி – பதில்: வளவுக்குள் ஃபிஷ்-ஐ

கேள்வி: எங்கள் வீட்டு வளவை (நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) முழுசாக ஒரே படத்தில் அடக்க வேண்டும். இருப்பது ஏபிஎஸ்-சி, அதாவது சிறிய சென்சார் உள்ள கேமராவும் 18-55 மி.மீ. லென்ஸும். மிக அகலமாகப் படம்பிடித்துக் கோடுகளை வளைத்துக் காட்டும் ஃபிஷ்-ஐ லென்ஸ் வாங்கப் போனால் கடையில் 8 மி.மீ. என்கிறார்கள், தெரிந்தவர் 15 மி.மீ. என்கிறார். எது சரி?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கேமராவுக்கு 8 மி.மீ.தான். 15 மி.மீ. ஃபிஷ்-ஐ, ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாருக்குப் பொருந்துவது. அதில் மூலைக்கு மூலை 180 டிகிரி கிடைக்கும். அதையே ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் சுமார் 110 டிகிரிதான் மிஞ்சும். அவ்வளவு கோணம் கோடு வளையாத சாதாரண 10 மி.மீ. வைட் லென்ஸிலேயே வந்துவிடும். பிறகு ஃபிஷ்-ஐக்கு எதற்குக் காசு?

8 மி.மீ. என்றாலும் எந்த சென்சாருக்குச் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். ஃபுல் ஃபிரேமுக்கான 8 மி.மீ. லென்ஸ், நடுவில் வட்டமாகப் படம் விழுந்து சுற்றிலும் கறுப்பாக இருக்கும் வகை. ஃபுல் ஃபிரேமில் பாதிக்குப் பாதி பிக்சல் கறுப்பிலேயே போய்விடும். உங்கள் கேமராவிலோ அந்த வட்டமும் மேலும் கீழும் வெட்டுப்படும். சாம்யாங் 8 மி.மீ. எஃப்/3.5 ஏபிஎஸ்-சிக்கென்றே செய்தது. நிக்கான், சோனி, ஃபியூஜியில் 180 டிகிரி; கேனான் சென்சார் சற்றுச் சிறியது என்பதால் 167. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். அது பெரிய சிரமமில்லை: லென்ஸ் துவாரத்தை எஃப்/8 அளவில் வைத்து, அரை மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். காலடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லிலிருந்து எதிர்க்கட்டு நிலைக்கதவு வரை தெளிவாக விழும். லென்ஸில் அச்சடித்த தூரக்கோடுகளை நம்ப வேண்டாம்; லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பெரிதாக்கிப் பாருங்கள். எலெக்ட்ரானிக் தொடர்பு இல்லாத லென்ஸ் என்பதால் சோனியிலும் ஃபியூஜியிலும் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற மெனுவை ஆன் செய்யாவிட்டால் கேமரா க்ளிக் ஆகாது. லென்ஸ் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு!

கேள்வி: ஃபிஷ்-ஐயில் எடுத்தால் தேக்குத் தூணெல்லாம் வில்லாக வளைகிறது. தவிர்க்க முடியாதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பெருமளவு முடியும், நிற்கிற இடத்தை மாற்றினால். படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு ஃபிஷ்-ஐயில் வளையாது. கேமரா பார்க்கும் திசையிலேயே ஓடும் கோடுகளும் அந்த நடுப்புள்ளியை நோக்கி நேராகவே போகும். ஆகவே பட்டாலை எனும் கூடத்தின் நீளவாக்கில் நின்று எடுத்தால் தரைக்கல் வரிசையும் மேலே உத்தரமும் நேராக இருக்கும். குறுக்குக் கோடுகளும், பக்கத்துத் தூண்களும் வளையும்.

தூண்களும் வளையக் கூடாதா? வளவின் நடுவே கேமராவை மல்லாக்கத் தரையில் வைத்து, லென்ஸ் நேர் மேலே வானத்தைப் பார்க்கட்டும். இப்போது எல்லாத் தூணும் கேமரா பார்க்கும் திசையிலேயே நிற்கின்றன. எதுவும் வளையாமல் நடுவை நோக்கிச் சாயும், நான்கு தாழ்வாரமும் வானத்துக்குச் சட்டமாகும். 10 விநாடி டைமர் போட்டுவிட்டுத் தூண் மறைவுக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தலையும் விழும். உச்சிவெயில் வேண்டாம், வானம் வெளுத்துத் தாழ்வாரம் கறுத்துவிடும். காலை வெயில் முற்றத்தில் இறங்குவதற்கு முன், சரியான ஒளியில் ஒன்று, ஒளியை இரண்டு ஸ்டாப் (ஒளியின் அளவுப்படி) கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என மூன்று படம் எடுத்து மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

நேராக நின்று எடுக்கும்போது கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கீழே சாய்த்தால் எதிர்ச்சுவரின் மேல்விளிம்பு இன்னும் மேலே உப்பும். மேலே சாய்த்தால் தரை கிண்ணமாகக் குழியும்.

மென்பொருளில் நிமிர்த்தவும் செய்யலாம். இலவசமான ஹியூகினே போதும். ஆனால் ஓரங்கள் இழுபட்டுத் தெளிவு குறையும், கொஞ்சம் வெட்டவும் வேண்டிவரும். எல்லாப் படத்தையும் நிமிர்த்தத்தான் போகிறீர்கள் என்றால் ஃபிஷ்-ஐயே வேண்டாம்.

கேள்வி: அறுபதாம் கல்யாணத்தில் பங்காளிகள் எல்லோரையும் ஃபிஷ்-ஐயில் ஒரே படமாக எடுக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: நேர் வரிசையில் நிறுத்தினால் ஓரத்தில் நிற்பவர்கள் குறுகி, உள்பக்கமாக வளைந்து தெரிவார்கள்; பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கேமராவுக்கு முன்னால் வில் போல வளைந்து, எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கட்டும். லென்ஸைக் கண் உயரத்தில் மட்டமாக வையுங்கள். முகங்கள் ஒரே கோட்டில் வரும், கால்கள் மட்டும் வளையும். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு மட்டும் 18 மி.மீ.யில் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய ஃபிஷ்-ஐ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், திருமயம்

பதில்: முன்கண்ணாடியை. அது வெளியே பிதுங்கியிருப்பதால் முன்னால் யுவி ஃபில்டர் மாட்ட வழியில்லை, கீறல் சுலபமாக விழும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் அந்தக் கீறல் ஒளிப்பொட்டாகப் படத்தில் தெரியும். அடுத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை போல் இழை படர்ந்திருந்தால் பூஞ்சை, விலை குறைத்தாலும் வேண்டாம். மூடி இறுக்கமாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள்; தளர்ந்த மூடி பைக்குள்ளேயே கழன்று, சாவிக்கொத்து கண்ணாடியை உரசிவிடும்.