தனியார் கல்லூரியில் நடக்கும் காலநிலை ஆய்வுக்கு அமெரிக்க அறக்கட்டளையின் நிதி கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பணத்தை உங்கள் கல்லூரி வாங்க முடியுமா என்று பாருங்கள். ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும்.

மத்திய, மாநிலச் சட்டங்களால் உருவாகி, சிஏஜி (மத்திய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை கட்டாயமான அமைப்புகளுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்பதால் மட்டும் அந்த விலக்கு உங்களுக்கு வந்துவிடாது. கல்லூரியை நடத்தும் டிரஸ்டுக்கோ சங்கத்துக்கோ தனியாகப் பதிவு வேண்டும். அதற்கு 3 ஆண்டுச் செயல்பாடும், அந்த 3 ஆண்டில் நோக்கத்துக்காகச் செய்த குறைந்தது 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் முன் அனுமதி (எஃப்சி-3பி படிவம்). கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட திட்டம், குறிப்பிட்ட தொகை, அவ்வளவுக்குத்தான் செல்லும். எந்த வழியானாலும் பணம் முதலில் விழ வேண்டியது புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கில். பேராசிரியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் யோசனையே வேண்டாம்.

2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அந்த அமைப்பும் பதிவு பெற்றதாக இருந்தாலும் சரி. ‘நாங்கள் வாங்கி, கூட்டாளி நிறுவனங்களுக்குப் பங்கு தருகிறோம்’ என்று எழுதிய திட்டம் அத்தோடு படுத்துவிடும். ஒவ்வொரு கூட்டாளிக்கும் அறக்கட்டளையே தனித்தனி ஒப்பந்தம் போடும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

பட்ஜெட்டில் அதிகம் குழம்பும் இடம் இரண்டு சதவீதங்கள். அறக்கட்டளை அனுமதிக்கும் மேல்செலவு, அதாவது திட்டத்தோடு நேரடியாகச் சேராத நிறுவனப் பொதுச் செலவு, ஒன்று. கேட்ஸ் அறக்கட்டளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு 10%, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கல்வி நிறுவனங்களுக்கு 15% வரை தரும். இன்னொன்று எஃப்சிஆர்ஏ விதிக்கும் நிர்வாகச் செலவு உச்சவரம்பு. முன்பு 50%, இப்போது 20%. ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பு என்றால், களத் தரவு சேகரிப்பவர், அதை அலசுபவர் ஆகியோரின் சம்பளம் இந்த 20%-இல் சேராது. ஆகவே ‘திட்டப் பணியாளர் 4 பேர்’ என்று மொத்தமாக எழுதாமல், யார் என்ன வேலை செய்கிறார் என்று வரிவரியாகப் பிரித்துப் போடுங்கள். தணிக்கையின்போது அந்த வரிகள்தான் காப்பாற்றும்.

எந்த அறக்கட்டளை என்று தேடும்போது இணையதளத்தின் முகப்பு வாசகங்களை நம்ப வேண்டாம். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் வருமான வரித்துறைக்குத் தரும் 990-பிஎஃப் படிவம் பொதுவில் கிடைக்கும். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று அதில் இருக்கும். கடைசி 3 ஆண்டுப் படிவங்களைப் பார்த்து, இந்தியாவுக்கு வந்தது உண்டா, சிறிய அமைப்புக்குக் கொடுத்தது உண்டா என்று கவனியுங்கள். தலைப்புச் செய்தித் தொகைகள் ஏமாற்றும். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் பெசோஸ் எர்த் ஃபண்ட் 2020 நவம்பரில் அறிவித்த 79.1 கோடி டாலர் 16 அமைப்புகளுக்குத்தான் போனது. அதில் பெரும்பங்கு ஏற்கெனவே பெரிய சூழல் அமைப்புகளுக்கு.

அமெரிக்க அறக்கட்டளை வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும்போது, அந்த அமைப்பு அமெரிக்கப் பொதுநல அமைப்புக்கு நிகரானது என்று சான்று பெற வேண்டும். இல்லையெனில் செலவுக்கு அறக்கட்டளையே பொறுப்பேற்று முன் விசாரணை, எழுத்து ஒப்பந்தம், கணக்கறிக்கை எல்லாம் கேட்கும். பதிவுப் பத்திரம், தணிக்கை அறிக்கைகளின் ஆங்கிலப் பிரதிகளைத் தயாராக வைத்திருங்கள். ‘சட்டத்தை மாற்ற வலியுறுத்துவோம்’ என்று இலக்கில் எழுதாதீர்கள். தனியார் அறக்கட்டளை அதற்கென்று பணம் ஒதுக்க முடியாது.

கருவிகளின் விலையை மட்டும் போட்டு அளவுத்திருத்தம், உதிரிபாகம், இறக்குமதி வரி ஆகியவற்றை விடுவது வழக்கமான தவறு. அறக்கட்டளைகளுக்குப் புதியதைத் தொடங்கப் பிடிக்கும், பழையதைத் தொடர அவ்வளவாகப் பிடிக்காது. 1958 முதல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா எரிமலையில் கார்பன் டை ஆக்சைடை அளந்துவரும் கீலிங் தொடரே பணமுடையில் தவித்திருக்கிறது. 2014-இல் கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட், அவர் மனைவி வெண்டி ஆகியோரின் நிதி அதற்கு 5 ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் தந்தது. 3 ஆண்டுத் திட்டம் முடிந்தபின் கருவியை யார் பராமரிப்பார் என்று விண்ணப்பத்திலேயே எழுதி, அதற்குக் கல்லூரி நிர்வாகத்தின் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள்.