நசாவு - எக்சுமா: விடிகாலை 4 மணிப் புறப்பாட்டை மாற்றுங்கள்

நீருக்குள் 1.8 மீட்டர் அமிழும் பாய்மரப் படகில், ஜனவரியில், பஹாமாஸின் நசாவிலிருந்து விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி, ஹைபோர்ன் கே என்ற சிறு தீவு வழியாக எக்சுமா தீவுகளின் ஜார்ஜ்டவுன் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வழியில் யெல்லோ பேங்க் என்ற ஆழமற்ற கடல் திட்டில் பவளப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. கண்ணால் பார்த்துத்தான் விலக வேண்டும். போவது தென்கிழக்கே. 4 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை வெயில் முகத்தில் அடிக்கும், தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. 7 மணிக்குக் கிளம்புங்கள். 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் 11 மணிவாக்கில் திட்டுக்கு வருவீர்கள். போலராய்டு கண்ணாடியோடு ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்கட்டும். கரும்பழுப்பாகத் தெரிவது பவளம். மேக நிழலும் அப்படித்தான் தெரியும், ஆனால் நகரும். ஹைபோர்ன் கே வரை சுமார் 35 கடல்மைல்தான், வெளிச்சத்திலேயே நங்கூரம் போட்டுவிடலாம்.

இதைவிட எனக்குக் கவலை குளிர்கால வாடைமுகப்பு, அதாவது வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றின் முன்விளிம்பு. காற்று தென்கிழக்கிலிருந்து தெற்கு, மேற்கு, வடமேற்கு என்று சுற்றி வரும். அங்குள்ள நங்கூரத் துறைகள் பல மேற்கே திறந்தவை. காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கும் முன்பே மேற்கு மறைப்புள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். நங்கூரச் சங்கிலியை ஆழத்தைப்போல் 7 மடங்கு விடுங்கள். ஆழத்தோடு அணிய உயரத்தையும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

ஜார்ஜ்டவுனுக்கு முந்தைய கட்டத்தில் தீவுகளுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியாகக் கிழக்கேயுள்ள ஆழ்கடலான எக்சுமா சவுண்டுக்கு வெளியேற வேண்டும். வற்று நீரோட்டம் (கடல் வற்றும்போது வெளியே ஓடும் நீர்) கிழக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்தால் இடுக்கில் செங்குத்தாக அலை எழும். ஓட்டம் ஓயும்வரை காத்திருங்கள்.