வாசகர் கேள்வி–பதில்: திராட்சைத் தீவில் ஒரு மாந்தோப்புக்காரர்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சைப்ரஸ் தீவின் லிமசோல் நகரில் வேலை பார்க்கும் மகளும் மருமகனும், அங்கு நடக்கும் ஒயின் திருவிழாவையொட்டி எங்களை வரச் சொல்கிறார்கள். மதுவைத் தொட்டறியாத என் கணவரோ, “குடிக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை?” என்று மறுக்கிறார். குடிக்காதவர்கள் பார்க்க அங்கே ஏதாவது இருக்குமா? மகள் வீட்டில் நடுவதற்குச் சந்தூர் ஒட்டு மாங்கன்று இரண்டு கொண்டு போகலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் கணவரின் தயக்கத்தை மதிக்கிறேன். குடியால் குடும்பங்கள் குலைவதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரே கசக்கும். ஆனாலும், அவர் உழவர் என்பதாலேயே அந்த விழாவை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். 1961-இல் தொடங்கிய அவ்விழா, திராட்சை அறுவடைப் பருவத்தில், கடற்கரையை ஒட்டிய நகராட்சிப் பூங்காவில் நடக்கிறது. தொளதொளத்த பழங்காலக் கால்சட்டை அணிந்த திராட்சை உழவர் ஒருவரின் பேருருவம்தான் வருகிறவர்களை வரவேற்கும். திராட்சையைக் காலால் மிதித்துச் சாறெடுக்கும் பழைய முறையைச் செய்து காட்டுவதும், நாட்டுப்புற ஆட்டமும் பாட்டும் உண்டு. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஒவ்வொரு ரகத்தின் முன்னும் நின்று நிதானமாகப் பார்க்கிறவருக்கு அங்கே பொழுது போதாது.

அத்தீவில் திராட்சைச் சாறு முழுவதும் மதுவாகிவிடுவதில்லை. புளிக்காத புதுச் சாற்றில் மாவைக் கரைத்துக் காய்ச்சி ‘பலூசே’ என்ற களி போன்ற இனிப்பைச் செய்கிறார்கள். நூலில் கோத்த பாதாம்பருப்பை அதே கூழில் பலமுறை தோய்த்துத் தொங்கவிட்டு உலர்த்தினால் அது ‘சுஜூக்கோஸ்’. சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சினால் நம் வெல்லப்பாகு போன்ற பாகு கிடைக்கிறது. இவற்றை நீங்கள் இருவரும் தயங்காமல் சாப்பிடலாம். நகரத்தோடு நின்றுவிடாமல், ட்ரூடோஸ் மலையில் உள்ள ஓமோடோஸ் கிராமத்துக்கும் மகளோடு போய்வாருங்கள். கல்லடுக்கிக் கட்டிய வரப்புகளில் படிப்படியாக ஏறும் திராட்சைத் தோட்டங்களையும், ஊருக்குள் காத்து வைத்திருக்கும் பழைய மரச் செக்கையும் அவர் பார்க்க வேண்டும்.

மாங்கன்றை மட்டும் கொண்டு போகாதீர்கள். பயிர்நலச் சான்றிதழ் இல்லாத கன்றை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் விடமாட்டார்கள், சைப்ரஸ் 2004 முதல் அதில் உறுப்பு நாடு. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு வந்து சேர்ந்த ஃபைலாக்செரா என்ற நுண்பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் தங்கள் ரகங்களை ஒட்டித்தான் அங்குள்ளவர்கள் மீண்டார்கள். கடல் சூழ்ந்த சைப்ரஸை அது எட்டவில்லை. ஆகவே அங்கே கொடிகள் ஒட்டுப்போடாமல் தம் சொந்த வேரிலேயே வளர்கின்றன. ஒட்டுக்கன்றின் அருமை அறிந்த உங்கள் கணவருக்கு இதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களுக்கும் அங்கே தடை உண்டு. விசாவுக்கு மகளின் அழைப்புக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: சைப்ரஸ் செல்லும் என் அண்ணன், திராட்சையை வெயிலில் காயவைத்துச் செய்யும் அவ்வூர் இனிப்பு ஒயினை வாங்கி வரலாமா? அதன் சிறப்பு என்ன?
– வாசகர், பென்னாகரம்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘கொமண்டரியா’. ட்ரூடோஸ் மலையின் தெற்குச் சரிவில் உள்ள 14 கிராமங்களின் திராட்சையில் செய்வதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. மாவ்ரோ என்ற கறுப்புத் திராட்சையையும் சினிஸ்டெரி என்ற வெள்ளைத் திராட்சையையும் பறித்து, நம் பக்கம் களத்தில் புளியைப் பரப்புவதுபோல வெயிலில் பரப்பிவிடுவார்கள். பழம் வதங்கி நீர் வற்ற வற்ற இனிப்பு இறுகும். பிழிந்து புளிக்கவைத்த பிறகு, குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாய்களில் வைத்திருக்கிறார்கள். 1191-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் அத்தீவைக் கைப்பற்றினார். அதன்பின் அங்கு நிலைகொண்ட சிலுவைப்போர் வீரர் அமைப்புகளின் நிர்வாகப் பகுதியைக் குறித்த ‘கொமாண்டரி’ என்ற சொல்லே ஒயினுக்குப் பெயராயிற்று. லிமசோலுக்கு மேற்கே, அவர்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கொலோசி கோட்டை இன்றும் நிற்கிறது. உங்கள் அண்ணன் கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிடட்டும்.

வயதுவந்த பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவகைகளைச் சுங்கத் தீர்வையின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துணிகளுக்கு நடுவே நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.