ஒரு கிலோ கருப்பட்டியின் கணக்கு

அன்புள்ள ஐயா,

கோவையில் இருக்கிறேன். பத்து வருடம் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மகன் பிறந்த பிறகு விட்டுவிட்டேன். அம்மாவின் ஊர் உடன்குடிப் பக்கம். மாமாவுக்குக் கொஞ்சம் பனை இருக்கிறது, கருப்பட்டி காய்ச்சுகிறவர்களையும் நன்றாகத் தெரியும். அதை ஆன்லைனில் விற்கலாம் என்று எண்ணம். ஊரில் கிலோ 400 ரூபாய்க்கு எடுத்து 550க்குக் கொடுத்தால் 150 ரூபாய் நிற்கும். ஓலைப்பெட்டியில் வைத்து அழகாக அனுப்ப ஆசை. வெப்சைட் செய்துதர ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் "முதலில் வெப்சைட், அப்புறம்தான் மற்றது" என்கிறார். அத்தை "கருப்பட்டியைப் போய் யாரு நெட்ல வாங்குவா" என்கிறார். நீங்கள் முறுக்கு விற்றுக் கையைச் சுட்டுக்கொண்டதாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

க., கோவை

அன்புள்ள க.,

அத்தை சொல்வதை விடுங்கள். நல்ல கருப்பட்டிக்கு வாங்க ஆள் உண்டு. எனக்கு இடிப்பது அந்த 150 ரூபாய்தான்.

உங்கள் விலையை வைத்தே பார்ப்போம். சரக்கு 400. உடன்குடியிலிருந்து கோவைக்கு வந்து சேர கிலோவுக்கு 10. அட்டைப்பெட்டி, உள்ளே போடும் கவர், டேப், லேபிள் எல்லாம் சேர்த்து 30. கூரியர் 90 என்று வையுங்கள். பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே இரண்டு சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடித்தால் 13. ஆகமொத்தம் 543. கையில் நிற்பது ஏழு ரூபாய். இதில் உங்கள் கூலி இல்லை, உடைந்தது, உருகியது இல்லை.

விலையைக் கூட்டலாம், கூட்டத்தான் வேண்டும். அதற்கு முன் தராசைப் பாருங்கள். கூரியர்காரர்கள் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கட்டணம் போடுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டியைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினால் 1,150 கிராம் வரும். ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கட்டுவீர்கள். ஆகவே ஒரு கிலோவாக விற்காதீர்கள். பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குள் அடங்குகிற மாதிரி, 850 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இதென்ன கணக்கு" என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஓலைப்பெட்டி இதைவிட மோசம். எனக்கும் அது பிடிக்கும். எங்கள் ஆச்சி கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில்தான் வைத்திருப்பாள். ஆனால் கூரியரில் எடையோடு பருமனுக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண் நிஜ எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதுதான் எடை. ஓலைப்பெட்டி நசுங்காமல் போக 30க்கு 25க்கு 20 என்று ஓர் அட்டைப்பெட்டி வாங்குவீர்கள். 15,000ஐ 5000ஆல் வகுத்தால் மூன்று கிலோ. முக்கால்வாசி காற்று, அதற்கும் வாடகை. ஓலைப்பெட்டியைத் தனி விலை போட்டு, நாலு பொட்டலம் சேர்த்து வாங்குகிறவருக்கு மட்டும் கொடுங்கள்.

இனி முறுக்குக் கதை. 2016 தீபாவளிக்கு நானும் என் மச்சினனும் மணப்பாறை முறுக்கு விற்கக் கிளம்பினோம். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம், தெரிந்த பையன் செய்துகொடுத்த வெப்சைட். தீபாவளி முடிந்த பிறகும் ஆர்டர் வந்தது. தலைகால் புரியவில்லை. முக்கால்வாசி கேஷ் ஆன் டெலிவரி. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது எங்கள் பார்சல் அறுபதுக்கு மேல் வழியில் இருந்தது. எந்த வீட்டிலும் சில்லறை இல்லை. சிலர் பழைய நோட்டை நீட்டியிருக்கிறார்கள். பதினைந்து நாள் கழித்து எல்லாம் இரண்டு சாக்கில் திரும்பி வந்தன, போன கூலியும் வந்த கூலியும் போட்ட பில்லோடு. மச்சினன் ஒரு பாக்கெட்டைக் காதோரம் வைத்து ஆட்டினான். கிலுகிலுப்பைச் சத்தம். பிரித்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை. மாட்டுக்குப் போடலாமா என்று பால்காரரிடம் கேட்டோம். வேண்டாம் என்றுவிட்டார்.

நோட்டு விவகாரம் எல்லா வருடமும் வராதுதான். ஆனாலும் கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டவர் மனம் மாறி, "வேண்டாம், திருப்பி அனுப்புங்க" என்பது தினமும் நடக்கிறது. தொடக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம். யுபிஐயில் பணம் வந்ததும் அனுப்புங்கள். நேராக உங்கள் க்யூஆருக்கு வந்தால் அந்த 13 ரூபாயும் மிச்சம். வாட்ஸ்அப் பிசினஸில் சரக்கின் படம், விலை எல்லாம் போட்டுவைக்கலாம், காசு கிடையாது. முதல் இருநூறு பொட்டலத்துக்கு அது போதும்.

அந்த ஒன்றரை லட்சத்தைச் சரக்கில் போடுங்கள் என்றே சொல்வேன். பதநீர் இறக்குவது ஆண்டில் சில மாதம்தான். கருப்பட்டிக்குக் கிராக்கி அதிகம் வருவது ஐப்பசியிலிருந்து பொங்கல் வரை. ஆகவே கோடையில் வாங்கி அடைகாக்க வேண்டும், உங்கள் பணம் நாலைந்து மாதம் மூட்டையாக உட்கார்ந்திருக்கும். மூட்டையும் சும்மா இருக்காது. மழைக்காற்று பட்டாலே கருப்பட்டி ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும். ஆச்சி பரணில் புகைக்கு வைத்ததே அதற்காகத்தான். உங்கள் அடுக்ககத்தில் புகைக்கு வழியில்லை. காற்றுப் புகாத கவரும், சூட்டில் சீல் வைக்கிற சின்ன மெஷினும் வெப்சைட்டுக்கு முன் வாங்க வேண்டியவை.

கலப்படம் பற்றி நீங்கள் எழுதவில்லை, வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். சீனிக்கும் கருப்பட்டிக்கும் விலையில் இருக்கிற தூரத்தைப் பார்த்தால் காய்ச்சும்போது ஏன் சீனியைக் கொட்டுகிறார்கள் என்பது புரியும். பதநீரில் இருக்கும் இனிப்பும் பெரும்பாலும் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். அதனால் தண்ணீரில் போட்டுப் பார், தட்டிப் பார் என்று யூடியூபில் சொல்கிற சோதனைகளை நான் நம்புவதில்லை. காய்ச்சுகிற இடத்தில் உங்கள் மாமா நிற்கிறாரா? அதுதான் உங்களிடம் இருக்கிற ஒரே பெரிய முதல். வேறு ஊர்க்காரருக்கு அது கிடைக்காது.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. உணவுப் பொருள் என்பதால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். கூடவே நிகர எடை, எம்ஆர்பி, பொட்டலம் கட்டிய மாதம், உங்கள் முகவரி. ஜிஎஸ்டியில் ஒரு வேடிக்கை உண்டு. சாக்கிலிருந்து எடுத்து நிறுத்துக் கொடுத்தால் கருப்பட்டிக்கு வரி இல்லை. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிவிட்டால் 5 சதவீதம், 2022 ஜூலை 18 முதல். தமிழ்நாட்டுக்குள் நீங்களே நேராக விற்றால், ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. அந்த வரியுள்ள பொட்டலம் மாநில எல்லையைத் தாண்டினால் முதல் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும். ஓசூர்க்காரருக்கு அனுப்பினால் ஒரு சட்டம், பக்கத்தில் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்காரருக்கு அனுப்பினால் இன்னொரு சட்டம். பெங்களூர் வேண்டும் என்றால் ஓர் ஆடிட்டரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். சிறுதொழில் செய்கிறவர்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறோம் என்று போன் வரும், வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயரோடு சேர்ந்த பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. மாமா ஊர் என்பதற்காக அந்தப் பெயரை லேபிளில் பெரிதாக அடித்துவிடாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த உரிமை. மாமாவால் பதிய முடியுமா என்று விசாரியுங்கள்.

வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். ஐப்பசி மழையில் பத்து ஊருக்குப் பத்துப் பொட்டலம் அனுப்பிப் பாருங்கள், எல்லாம் சொந்தக்காரர் வீடாக இருக்கட்டும். பிரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதினோராவதை எனக்கு அனுப்புங்கள், 850 கிராம், ஓலைப்பெட்டி வேண்டாம். க்யூஆர் அனுப்பினால் பணம் போடுகிறேன். இங்கே மளிகைக்கடைத் தராசில் வைத்து என்ன எடை காட்டுகிறது, கவர் உள்ளே ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.